கண்மாய்க் கருவேலும் கடல் தோணியும்

ஆடி பிறந்துவிட்டால் திருவில்லிபுத்தூரில் எவரைக் கண்டாலும் தேரைப் பற்றித்தான் பேச்சு. ஆடிப்பூரத்தன்று வீதிகளில் அசைந்து வரவிருக்கும் அந்தப் பெருந்தேரைச் சுற்றி ஆட்கள் சாரம் கட்டுவதும், அச்சைத் தட்டிப் பார்ப்பதும், வடத்தை இழுத்துச் சோதிப்பதுமாக ஊரே ஒரு தச்சுப் பட்டறையாகிவிடும். சென்ற ஆடியில் அத்தகைய ஒரு காலைப் பொழுதில்தான் இராஜபாளையத்திலிருந்து வாடகைக் காரில் வந்த நாங்கள், பெரியம்மாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். “மரத்தால் செய்த பெரிய வாகனம் ஒன்று இங்கேயே நிற்கிறது, இன்னொன்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள்” என்று சிரித்துக்கொண்டே பெரியம்மா ஏறி அமர்ந்தார்கள். அவர்களுக்கு வயது 85. தூத்துக்குடித் தோணியைக் காண வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் விருப்பம். விருப்பம் என்பதைவிட, தோணியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி அவர்களிடம் இருந்தது என்பதே பொருந்தும்.

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு பலாமரப் பெட்டி இருக்கிறது. பெரியப்பா கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு தானியக் கடையில் கணக்கெழுதியவர். 1962ஆம் ஆண்டு அவர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார். தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். அந்த வழி அன்று திறந்திருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை கொழும்புக்கும் நமக்கும் அதுவே பெருவழி. பெட்டியை மட்டும் அவர் தோணியில் ஏற்றிவிட்டார். தோணிக் கூலி மலிவு. அவர் முன்னே வந்துவிட்டார்; பெட்டி வர ஒரு மாதம் ஆயிற்று. பத்தாண்டுச் சம்பாத்தியம் அதற்குள் இருந்தது. எல்லாம் பழுதின்றி வந்தன. ஒரு மூலையில் மட்டும் கடல்நீர் ஏறியிருந்தது. அந்த மூலையில்தான் திருமணப் புகைப்படம் இருந்தது. இன்று அந்தப் படத்தில் பெரியம்மாவின் முகம் தெரிகிறது. பக்கத்தில் நிற்பவரின் முகம் ஒரு பழுப்புக் கறையாக இருக்கிறது. வேறு படி கிடையாது. பெரியப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. “இத்தனை சாமான்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்த தோணி, ஏன் அந்த ஒரு மூலையில் ஒழுகியது?” என்பதே பெரியம்மாவின் கேள்வி. இதை அவர்கள் கோபத்தோடு கேட்டு நாங்கள் அறியோம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று வழி செல்கிறது. மேற்கு மலையை முதுகுக்குப் பின்னே விட்டுவிட்டால் கடல் வரும்வரை கரிசல்தான். இந்தக் கரிசலின் பருத்திதான் தூத்துக்குடியைத் துறைமுகமாக்கியது என்று சொன்னால் மிகையாகாது. 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமற் போனபோது, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு வந்த கிராக்கியைப் பெரியோர் கதையாகச் சொல்வர். ‘டின்னிவெல்லி’ என்பதே பஞ்சுச் சந்தையில் ஒரு சரக்கின் பெயராக வழங்கியது. 1876இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தது. பின்னர் நம் இராஜபாளையத்திலேயே நூற்பாலைகள் எழுந்தன. முதல் ஆலை 1936இல் நிறுவப்பட்டது. ஊரையடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்கிறார்கள். பஞ்சோடு பிறந்து பஞ்சோடு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. தோணிக்கும் பஞ்சுக்கும் வேறோர் உறவு உண்டு என்பதை அன்று மாலைதான் கண்டோம்.

தூத்துக்குடிக் கடற்கரை ஆழமற்றது. பெரிய கப்பல்கள் கரையை அணுக மாட்டா. சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும. கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடியவை தோணிகள். பஞ்சுப் பொதி, உப்பு, அரிசி, கருவாடு, அலுவலர், ஆடு மாடு என எதுவாயினும் தோணியில் ஏறாமல் கப்பலுக்குச் செல்ல முடியாது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களைக் கொண்டுவந்த வரலாற்றை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அத்துறையில் கரைக்கும் கப்பலுக்கும் இடையே மூட்டை சுமந்த தோணிகளைப் பற்றிப் பாடநூல் ஒரு வரியும் சொல்வதில்லை. கப்பலுக்குச் சரக்கு சுமப்பதோடு தோணி நிற்கவுமில்லை. பாய் விரித்துத் தானே கொழும்புக்கும் சென்றது. கடல்வழியில் அது சுமார் 150 கடல்மைல்.

பழைய துறைமுகத்தில் நாங்கள் கண்ட தோணி கரையில் ஏற்றப்பட்டு, இரு பக்கமும் முட்டுக்கட்டைகள் தாங்க நின்றது. நீரில் மிதக்கும்போது தோணியில் பாதிதான் தெரியும். கரையில் ஏறி நின்றால்தான் அதன் உடல் முழுவதும் புலப்படும். பெரியம்மா அண்ணாந்து பார்த்து, “தேரைவிடப் பெரிது” என்றார்கள். உயரத்தில் தேர்தான் பெரிது, நாங்கள் திருத்தவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டு உழைத்த தோணி அது. 250 டன் வரை சரக்கேற்றும். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டபடியால் விட்டுவிடுகிறோம்.

கடல்மரக்கலம் கட்டும் தச்சரை ஓடாவி என்பது இக்கரையின் வழக்கு. எங்களுக்குத் தோணியைக் காட்டிய ஓடாவி எழுபதை நெருங்கியவர். தாளில் வரைந்த திட்டம் எதுவுமின்றிக் கண்ணளவாலும் முழக்கயிற்றாலும் கட்டுவதே தம் தந்தையார் காலத்திலிருந்து வழக்கம் என்றார். அடியில் நீள ஓடும் முதுகெலும்பு போன்ற பெருங்கட்டை ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலாவெலும்புகளாக வளைந்து எழுபவை வங்குக்கால்கள். அவற்றின்மேல் பலகைகளைத் தீயில் வாட்டி வளைத்து அறைகிறார்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம்.

“வங்குக்கால் எந்த மரத்தில்?” என்று கேட்டோம்.

“நாட்டுக் கருவேலம். நேராக அறுத்த மரத்தை வளைத்தால் வலு போய்விடும். பிறவியிலேயே வளைந்த கிளையாகப் பார்த்து எடுக்க வேண்டும். கண்மாய்க்குள் நின்று வளர்ந்த கருவேலம்தான் அப்படி வளைந்திருக்கும். உங்கள் பக்கத்துக் கண்மாய்களிலிருந்து லாரி லாரியாக வந்த காலம் உண்டு. நீங்கள் எந்த ஊர்?”

இராஜபாளையம் என்றதும் அவர் எங்களை உறவினரைப் போல் பார்த்தார். கோடையில் ஆடு மேய்க்கும் சிறுவர் நிழலுக்கு ஒதுங்கும் மரம். காய்களை உலுக்கி ஆட்டுக்குப் போடுவர். முள்ளுக்குப் பயந்து நாம் விலகி நடப்போம். அதன் கோணல்தான் கடலில் ஒரு மரக்கலத்துக்கு நெஞ்சாங்கூடு ஆகிறது என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. இன்று நம் கண்மாய்களில் நாட்டுக் கருவேலம் அருகி, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அது விறகுக்கும் கரிக்கும் ஆகும், தோணிக்கு ஆகாது.

அடுத்து அவர் காட்டியது பலகைச் சந்துகளை அடைக்கும் வேலை. இதைக் கலப்பத்து என்கிறார்கள். பஞ்சைத் திரித்து, எண்ணெயில் தோய்த்து, இரண்டு பலகைகளின் இடுக்கில் உளி போன்ற இரும்பால் வைத்து, மரச்சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். அதன்மேல் குங்கிலியம் கலந்த மெழுகைப் பூசுகிறார்கள். ஒரு தோணியின் உடலில் இப்படி அடைக்க வேண்டிய சந்துகளை ஒரே கோடாக நீட்டினால் எத்தனை பர்லாங்கு வரும் என்று நாங்கள் கணக்கிட முயன்று கைவிட்டோம். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து அடிக்கும்போது ஒருவர் சுத்தியல் ஓசை மற்றவர் ஓசையோடு மாறி மாறி விழுகிறது. அந்த ஓசையைக் கேட்டே சந்து நிறைந்ததா இல்லையா என்று ஓடாவி அறிகிறார். ஒரு பையன் அடித்த இடத்தில் நின்று, “இன்னும் வெறுமையாகப் பேசுகிறது, மறுபடி அடி” என்றார். எங்கள் செவிக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

நீரில் அமிழும் பகுதிக்கு வேறொரு பகைவன் உண்டு. கப்பற்புழு என்பார்கள். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். வெளியே ஊசித் துளையளவு தெரியும். உள்ளே மரத்தைத் தேன்கூடாக்கிவிடும். ஆண்டுதோறும் தோணியைக் கரையேற்றிச் சுரண்டி, கருகும்படி சூடு காட்டி, எண்ணெய் பூசி வைப்பது இதற்காகத்தான்.

இவ்வேலைகள் யாவும் தென்மேற்குக் காற்று பலக்கும் மாதங்களில் நடைபெறுகின்றன. அப்போது தோணிகளுக்குக் கடல் இல்லை. ஆடி மாதத்தில் மாலுமிகள் வீட்டிலிருக்கிறார்கள். பனிமய மாதா திருவிழாவும் அந்நாள்களிலேயே வருகிறது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் நிறைவுபெறும் அத்திருவிழா, கடலிலிருந்து திரும்பியவர்களெல்லாம் ஊரில் இருக்கும் காலத்தில் அமைந்தது அவர்களுக்கு எத்தகைய ஆறுதல்! தோணித் தொழிலில் முத்துக்குளித்துறைப் பரதவர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டவர்கள் என்பதை வாசகர்கள் அறிவர். அவர்கள் மாதாவுக்கு 1806இல் முதன்முதல் இழுத்த பொற்றேரும் மரத்தேர்தான். மேலே பொன்தகடு, உள்ளே தச்சன் கை. திருவில்லிபுத்தூரில் ஒரு தேரை விட்டு வந்த நாங்கள் இங்கே மற்றொரு தேரின் ஊரில் நின்றோம். பேராலயத்தில் பெரியம்மா அதிக நேரம் மண்டியிட்டிருந்தார்கள். வெளியே வந்ததும், “சரி, தோணிக்காரரிடம் கேட்போம்” என்றார்கள்.

ஓடாவியின் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற தண்டல். தோணியின் தலைவரைத் தண்டல் என்பர். 1970களில் பாயை மட்டுமே நம்பிக் கொழும்புக்கு ஓடியவர் அவர். காற்று ஒத்துழைத்தால் ஓர் இரவும் ஒரு பகலும், ஒத்துழைக்காவிட்டால் கணக்கில்லை. ஒருமுறை கொழும்பு விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நான்கு நாள் அசையாமல் கிடந்தார்களாம். குடிநீர்ப் பீப்பாயைத் தாமே அளந்து ஊற்றியதாகச் சொன்னார். திசைகாட்டி இருந்தது, ஆனால் அவர் பேசியதெல்லாம் வடமீனைப் பற்றி. தூத்துக்குடியில் நின்று பார்த்தாலே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்துக்கும் குறைவாகத்தான் நிற்கும். தெற்கே செல்லச் செல்ல அது இன்னும் தாழும். மாலத்தீவின் தலைநகர் மாலியை நெருங்கும்போது நான்கு பாகைதான்; மேகம் சிறிது கட்டினாலும் மறைந்துபோகும். “வடமீன் குனிந்தால் மாலி வந்தது” என்று அவர் சொன்னது எங்கள் மனத்தில் நின்றுவிட்டது.

அவர் தண்டலாக இருந்த நாள்களிலேயே தொழில் மாறத் தொடங்கியது. 1974 ஜூலையில் தூத்துக்குடிப் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே கப்பல்கள் நேரே கரையணைந்தன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சுமந்த வேலை தோணிகளுக்கு இல்லாமற் போயிற்று. 1983க்குப் பின் இலங்கையில் போர். கொழும்புப் பயணம் சுருங்கியது. காவல், சந்தேகம், தாமதம். அதன்பின் இரும்புக் கொள்கலன்கள் வந்தன. ஒரு கொள்கலன் கப்பல் ஒரே நடையில் எடுத்துச் செல்வதைச் சுமக்கத் தோணிக்கு ஆண்டுக்கணக்காகும். 1980களுக்குப் பின் தோணிகளில் படிப்படியாக டீசல் எந்திரம் ஏறியது. பாய்மரம் குட்டையாகி, பிறகு பெயருக்கு நின்றது. பாய் போனதில் அழகு போயிற்று என்று நாங்கள் வருந்தினோம். தண்டல் வருந்தவில்லை. “அழகு பார்ப்பவர் கரையில் இருக்கிறார். எந்திரம் வந்தபிறகு என் மனைவி நாள் எண்ணிச் சமைத்தாள்” என்றார். அதற்கு நாங்கள் என்ன சொல்ல முடியும்?

தோணி மாண்டுபோகாமல் காத்தவை மாலத்தீவும் இலட்சத்தீவும். மாலத்தீவில் பயிர்நிலம் அரிது. மணலும் கல்லும்கூட வெளியிலிருந்து போக வேண்டும். இன்றியமையாப் பண்டங்களை அந்நாட்டுக்கு அளவிட்டு அனுப்ப 1981இல் இந்தியா உடன்பாடு செய்துகொண்டது. வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று தோணி நிறையும். சுமார் 390 கடல்மைல்; எந்திரத்தோடு மூன்று நாள். கொள்கலனில் அடைத்த வெங்காயம் புழுங்கும், தோணியில் அதற்குக் காற்றுப் படும் என்று தண்டல் வாதிடுகிறார். திரும்பும்போது பழைய இரும்பு முதலிய சரக்குக் கிடைத்தால் உண்டு. இல்லையேல் வெறுங்கலமாக வர வேண்டும். வெறுங்கலம் கடலில் துள்ளும். கணக்குப் புத்தகத்திலும் துள்ளும் என்று உரிமையாளர் சிரித்தார்.

சிரித்தாலும் அவர் மனத்தில் இருந்தது வேறு. இந்தப் பழுதுபார்ப்புதான் கடைசியாக இருக்கலாம் என்றார். மரம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை தாங்கவில்லை, வேலையாட்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். ஓடாவியின் மகன் நகரத்தில் கணினி வேலை பார்க்கிறார். அதில் தந்தைக்குக் குறையில்லை. மகனைப் படிக்கவைத்தவரே அவர்தான். கலப்பத்து அடித்த பையன் மட்டும் மூன்று ஆண்டாக உடன் இருக்கிறான். “இவன் காது திறந்துவிட்டால் போதும்” என்றார் ஓடாவி.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை தமிழ் மாலுமிகளோடு ஓடியது. அந்தப் பெருமையை இன்றும் பேசுகிறோம். 2025 மே மாதம் கார்வாரில் நம் கடற்படை, அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கயிற்றால் தைத்துக் கட்டிய ‘கௌண்டின்யா’ என்னும் மரக்கலத்தை ஏற்றுக்கொண்டது. மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஓவியத்திலிருந்து ஒரு கலத்தை உயிர்ப்பிக்கும் நாடு, உயிரோடு வெங்காயம் சுமந்துகொண்டிருக்கும் கலத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றாமலில்லை. குஜராத்தின் மாண்டவியிலும் கேரளத்தின் பேப்பூரிலும் இதே ஏக்கத்தோடு தச்சர்கள் இருக்கிறார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பெரியம்மா தம் கேள்வியைக் கேட்டார்கள். ஓடாவி பதில் சொல்லுமுன் எதிர்க்கேள்வி போட்டார்.

“பெட்டி எந்த மாதம் வந்தது, ஆச்சி?”

“ஆவணி கடைசி. நன்றாக நினைவிருக்கிறது.”

“அப்படியானால் அது தோணியின் முதல் நடை. ஆடி முழுதும் கரையில் வெயிலில் கிடந்த பலகை சுருங்கியிருக்கும். எவ்வளவு கலப்பத்து அடித்தாலும் நீரில் இறக்கிய முதல் சில நாள் எங்காவது கசியும். பிறகு மரம் நீரைக் குடித்து ஊதிக்கொள்ளும்; சந்து தானே அடைபடும். இரண்டாம் நடையில் ஏற்றியிருந்தால் உங்கள் பெட்டி நனைந்திராது.”

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவர் அவசரப்பட்டு முதல் தோணியில் ஏற்றிவிட்டார்” என்றார்கள். “சீக்கிரம் வந்து சேரட்டும் என்று நினைத்திருப்பார்.” கையைத் தூக்கிப் பலகையில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே புதிதாகப் பூசிய மெழுகு இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. காரில் திரும்பும் வழியெல்லாம் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார்கள், அது போகவில்லை. எட்டயபுரம் தாண்டியதும் உறங்கிவிட்டார்கள்.

புரட்டாசி முதல் வாரத்தில் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். தோணி நீரில் இறங்கி, வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலிக்குப் புறப்பட்டுவிட்டது என்றார். செய்தியைப் பெரியம்மாவிடம் சொன்னோம்.

“இது முதல் நடைதானே?” என்றார்கள். “வெங்காயத்தைக் கசிவு இல்லாத பக்கமாகப் போட்டார்களா என்று கேளுங்கள்.”